பத்து கிகாஹெர்ட்ஸை அளக்கும் மூன்று மெகாஹெர்ட்ஸ்

ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட 8566ஏ ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பெட்டிகளாக வந்தது. கீழ்ப்பெட்டியில் நுண்ணலைப் பகுதி. மேல்பெட்டியில் திரையும், ‘ஐ.எஃப்.’ என்று பொறியாளர்கள் சுருக்கிச் சொல்லும் இடைநிலை அதிர்வெண் பகுதியும். 100 ஹெர்ட்ஸிலிருந்து 22 கிகாஹெர்ட்ஸ் வரை எந்த அலை வந்தாலும், அது எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி அது. வாங்க வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்த 22 என்ற எண்ணைத்தான்.

ஆனால் கீழ்ப்பெட்டியிலிருந்து மேல்பெட்டிக்குப் பின்பக்கமாக ஏறும் கேபிளில் கிகாஹெர்ட்ஸ் எதுவும் பயணம் செய்யவில்லை. அதில் போனது 21.4 மெகாஹெர்ட்ஸ். மேலே சென்றதும், குறுகிய ஃபில்டர்களுக்காக அதுவும் 3 மெகாஹெர்ட்ஸாக இறக்கப்பட்டது. விமான நிலைய ரேடாரின் அலையோ, செயற்கைக்கோளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலோ, எதை அளந்தாலும் சரி. அது எவ்வளவு என்று கடைசியாக முடிவானது பழைய சிற்றலை வானொலி வேலை செய்த அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான். நுண்ணலைக் கருவியின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முன்பக்க இணைப்பானோடு நின்றுவிடுவது வழக்கம். அந்தக் கருவி சொல்வதை நம்பலாமா, நம்பக்கூடாதா என்பது உள்ளே இருக்கும் ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர்களிலும் ஃபில்டர்களிலும்தான் இருக்கிறது.

நேரடியாக 10 கிகாஹெர்ட்ஸிலேயே அளந்துவிட்டால் என்ன? ஒரு சின்னக் கணக்கு போதும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அலைகளைப் பிரித்துக் காட்ட, 10 ஹெர்ட்ஸ் அகலம் மட்டும் உள்ள ஒரு ஃபில்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 கிகாஹெர்ட்ஸில் அப்படி ஒன்றைச் செய்ய, மைய அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்தால் 100 கோடி வருகிறது. சுருளும் கண்டென்சரும் சேர்ந்த சாதாரணச் சுற்றில் அந்த எண் நூறைத் தாண்டுவதே பாடு. அதே 10 ஹெர்ட்ஸ் ஃபில்டரை 3 மெகாஹெர்ட்ஸில் செய்தால் வகுத்து வருவது 3 லட்சம். அதுவும் பெரிய எண்தான். ஆனால் குவார்ட்ஸ் கிரிஸ்டலுக்கு எட்டும் தூரம். இன்னொரு கஷ்டமும் உண்டு. நுண்ணலைக் கருவி ஒரே அதிர்வெண்ணைப் பார்ப்பதில்லை, 2-லிருந்து 22 கிகாஹெர்ட்ஸ் வரை நகர்ந்துகொண்டே போகிறது. அத்தனை குறுகிய ஃபில்டரை அகலமும் உயரமும் மாறாமல் அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல முடியாது. ஃபில்டரை ஓர் இடத்தில் நிலையாக நிறுத்திவிட்டு, அலையை அதனிடம் கொண்டுவருவதே வழி.

கொண்டுவரும் வேலையைச் செய்வது மிக்சர். தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டும் இம்மி பிசகி இருந்தால் நாதம் ஏறி ஏறி இறங்குமே, அந்த அலையடிப்பின் வேகம் இரண்டு தந்திகளின் அதிர்வெண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான். மிக்சர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் இருக்கும் டயோடு உள்ளே வரும் இரண்டு அலைகளையும் ஒன்றோடொன்று பெருக்குகிறது. அதனால் அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் புதிய அலைகளாகவே வெளியே வருகின்றன. ஓர் அலை வெளியிலிருந்து வருவது. மற்றொன்று கருவிக்குள்ளேயே ‘லோக்கல் ஆஸிலேட்டர்’ உண்டாக்குவது. வெளியலை 10 கிகாஹெர்ட்ஸ், உள்ளலை 9.97 கிகாஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 30 மெகாஹெர்ட்ஸ். வெளியலை இரண்டு மடங்கு வலுவானால் அந்த 30 மெகாஹெர்ட்ஸும் இரண்டு மடங்கு வலுவாகும். வெளியலையின் கட்டம் (ஃபேஸ்) எவ்வளவு திரும்புகிறதோ, இதன் கட்டமும் அவ்வளவே திரும்பும். அலை சிறியதாக இருக்கும்வரை இந்த நேர்மை குலைவதில்லை. ஐ.எஃப்.-இல் அளந்ததை நுண்ணலையின் அளவாகச் சொல்ல உரிமை தருவது இந்த ஒரு குணம்தான்.

யோசனை நுண்ணலைக்காகப் பிறந்ததல்ல. இரண்டு அலைகளைக் கலந்து மூன்றாவதைப் பெறும் முறைக்கு, கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசண்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றிருந்தார். முதல் உலகப் போரின்போது பாரிஸில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங், 1918-ல் அதை ரிசீவரின் இதயமாக மாற்றினார். வால்வுகளால் அன்று பெருக்க முடியாத உயர் அதிர்வெண்ணைத் தாழ்த்தி, நிலையான ஓர் இடத்தில் வைத்துப் பெருக்குவது அவர் திட்டம். பிரான்சில் லூசியன் லெவி ஓராண்டு முன்னதாகவே ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஜெர்மனியில் வால்டர் ஷாட்கியும் அதே வழியில் சிந்தித்துக்கொண்டிருந்தார். யார் முதல்வர் என்ற வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அந்த வழக்கை விட்டுவிட்டு விளைவைப் பார்த்தால், பிறகு வந்த வானொலிப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த முறைக்கு மாறின.

டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. சர்க்யூட் போர்டில் வரிசையாக நிற்கும் சதுரத் தகர டப்பாக்கள்; ஒவ்வொன்றின் தலையிலும் திருகக்கூடிய ஒரு வண்ண ஃபெரைட் துண்டு. சிவப்பு ஆஸிலேட்டர் காயில். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் ஐ.எஃப்.டி. எனப்படும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை நிற்பது 455 கிலோஹெர்ட்ஸில். எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் பாட்டு அந்த மூன்று டப்பாக்கள் வழியாகத்தான் வர வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் அவற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார். அரைச்சுற்று கூடுதலாகத் திருகினால் ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நுண்ணலைக் கருவிக்குள் இருப்பதும் அடிப்படையில் இதே அமைப்புதான். என்ன, இங்கே பிசகுக்கு இடமே இல்லை.

ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயரை நுண்ணலைக்கு ஏற்ற கூர்மைக்குக் கொண்டுவந்தது ரேடார். 1940 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.-இல் தொடங்கிய ரேடியேஷன் ஆய்வகம் 10 சென்டிமீட்டர் அலையில் ரேடார் செய்யப் புறப்பட்டபோது, அந்த அதிர்வெண்ணில் இரைச்சல் குறைவாகப் பெருக்கித் தரும் வால்வு கைவசம் இல்லை. எனவே ஆன்டெனாவில் வந்த எதிரொலி நேராக மிக்சருக்குப் போனது. அந்த மிக்சர் ஒரு சிலிக்கன் துண்டு. அதன் மேல் மெல்லிய டங்ஸ்டன் கம்பி ஒன்றின் முனை அழுத்திக்கொண்டிருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 1என்21, 3 சென்டிமீட்டருக்கு 1என்23 என்று பெயர். விரல் நுனியளவு பீங்கான் குழலில் அடைத்த அதை ஈயத் தகட்டில் சுற்றி அனுப்புவார்கள். எடுப்பவர் கையில் இருக்கும் நிலைமின்சாரமே அந்த முனையைக் கருக்கிவிடும். (கனிமத் துண்டின் மேல் உலோக முனை வைத்து அலையைக் கண்டறியும் கருவிக்கு, கல்கத்தாவின் ஜெகதீஷ் சந்திர போஸ் 1904-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். இந்த வம்சத்தின் மூத்த பெயர்களில் அதுவும் ஒன்று.)

மிக்சர் பெருக்காது. வந்த சக்தியில் பெரும்பகுதியை இழந்துவிட்டு, கால்வாசிக்கும் குறைவாகவே ஐ.எஃப்.-இடம் ஒப்படைக்கும். அப்படி மெலிந்து வந்த எதிரொலியை முதலில் தொடுவது ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயரின் முதல் வால்வு. இங்கேதான் இரைச்சல் பிரச்சினை வருகிறது. எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருக்கின்றன. அதனால் ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் இருக்கும். 1928-ல் பெல் ஆய்வகத்தின் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் தந்தார். அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது வாட் கணக்கில் தசமப்புள்ளிக்குப் பிறகு 20 பூஜ்யங்கள் போட்டு எழுதும் 4. பொறியாளர்கள் இதையே மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) என்பார்கள். இதற்குக் கீழே எந்த ஆம்ப்ளிஃபயராலும் போக முடியாது; தன் பங்குக்குக் கூடுதல் இரைச்சலைத்தான் சேர்க்க முடியும். எவ்வளவு சேர்க்கிறது என்பதற்கு ஒரு தெளிவான அளவை 1944-ல் ஹரால்ட் ஃப்ரிஸ் வகுத்தார். வரிசையாக நிற்கும் கட்டங்களில் (ஸ்டேஜ்) முதல் கட்டம் நன்றாகப் பெருக்கிவிட்டால் பின்னால் வருகிறவற்றின் இரைச்சல் பெரிதாகத் தெரியாது என்பது அவர் சூத்திரத்தின் சாரம். முதல் கட்டமே பெருக்காத மிக்சராக இருந்தால், அடுத்து நிற்கும் ஐ.எஃப். வால்வின் ஒவ்வொரு குறையும் அப்படியே ரேடாரின் தலையில் விழும்.

இதன் விலை என்ன என்பதையும் கணக்காகவே சொல்லலாம். எதிரொலி தூரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் குறைகிறது. ரிசீவரின் இரைச்சலைப் பாதியாக்கினால் ரேடார் பார்க்கும் தூரம் சுமார் 19 சதவீதம் கூடும். அதே பலனை டிரான்ஸ்மிட்டர் பக்கம் பெற வேண்டுமென்றால் அதன் சக்தியை இரண்டு மடங்காக்க வேண்டும். ஒரு சின்ன வால்வைச் சுற்றி நடந்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு.

அந்த வேலையில் முன்னால் நின்றவர் ஹென்றி வால்மன். அடிப்படையில் அவர் கணித மேதை. பரிமாணக் கோட்பாடு பற்றி விட்டோல்ட் ஹுரேவிச்சுடன் சேர்ந்து 1941-ல் நூல் எழுதியவர். போர் அவரை மின்சுற்றுகளிடம் கொண்டுவந்தது. முதல் வால்வைக் கேத்தோடு தரையிட்ட நிலையிலும், இரண்டாவதைக் கிரிட் தரையிட்ட நிலையிலும் இணைத்து அவரும் சகாக்களும் உருவாக்கிய சுற்று, 30 மெகாஹெர்ட்ஸில் 1.35 டெசிபல் மட்டுமே இரைச்சல் சேர்த்தது என்று 1948-ல் எழுதினார்கள். ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர்களில் நீண்ட காலம் நிலைத்த சுற்று அது.

இன்னொரு சிக்கல் அகலம். ஒரு மைக்ரோ வினாடித் துடிப்பைச் சிதைக்காமல் கடத்த ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. நூறு டெசிபலுக்கு மேல் பெருக்க ஐந்தாறு கட்டங்கள் தேவை. ஒரே மாதிரி டியூன் செய்த ஆறு கட்டங்களை அடுத்தடுத்து வைத்தால், மொத்த அகலம் தனிக்கட்டத்தின் அகலத்தில் 35 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஒரு கட்டத்தைச் சற்று மேலே, மற்றொன்றைச் சற்றுக் கீழே என்று மாற்றி மாற்றி டியூன் செய்தால் தலை தட்டையாகவும் அகலம் போதுமானதாகவும் கிடைக்கும். எந்தக் கட்டத்தை எவ்வளவு தள்ள வேண்டும் என்ற கணக்கு வால்மனின் கணிதத்துக்கு உகந்த இடம். அடுத்து அமைப்பு. நூறு டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் ஒரு லட்சம் மடங்கு. வெளியே வருவதில் லட்சத்தில் ஒரு பங்கு வாசலுக்குத் திரும்பிக் கசிந்தாலும் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிடத் தொடங்கும். எனவே நீளமான ஒடுங்கிய தகட்டில் வால்வுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, நுழைவாயிலை ஒரு கோடியிலும் வெளிவாயிலை மறுகோடியிலும் வைத்தார்கள். ‘ஐ.எஃப். ஸ்ட்ரிப்’ என்ற பெயர் அந்த வடிவத்தால் வந்தது.

போர் முடிந்தது. 30, 60 மெகாஹெர்ட்ஸ் என்ற ரேடார் ஐ.எஃப். எண்கள் அளவைக் கருவிகளுக்குச் சொத்தாக வந்தன. ஹியூலெட்-பேக்கர்ட் 1958-ல் கொண்டுவந்த 340ஏ இரைச்சல் மானி அந்த இரண்டு அதிர்வெண்களில்தான் வேலை செய்தது. வாயு நிரப்பிய விளக்குக் குழாய் ஒன்று நுண்ணலைக் குழலுக்குள் அணைந்து அணைந்து எரியும். எரியும்போதும் அணையும்போதும் ரிசீவரின் ஐ.எஃப்.-இல் வரும் இரைச்சல்களை ஒப்பிட்டு மானி முள்ளில் விடை சொல்லும். அதற்கு முன் அதே விடையைப் பெற, பொறியாளர் ஒருவர் கையால் அளந்து, தாளில் கணக்குப் போட வேண்டியிருந்தது. நீலகிரியில் முத்தோரை மலைச்சரிவில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-ல் எழுப்பிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் வானிலிருந்து வரும் 326.5 மெகாஹெர்ட்ஸை 296.5 உடன் கலந்து, அதே 30 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் இறக்கினார்கள்.

அளவையியல் ஆய்வகங்கள் இந்த 30 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்திய விதம் தனியழகு. நுண்ணலை ஒரு பாகத்தைக் கடக்கும்போது எவ்வளவு நலிகிறது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். நேரடியான அளவுகோல் இல்லை. எனவே நலிந்த அலையை 30 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, அங்கே ஒரு வட்ட உலோகக் குழலுக்குள் நகரும் காயிலோடு ஒப்பிட்டார்கள். குழல் அவ்வளவு குறுகியது என்பதால் அலை அதில் ஓட முடியாது, தேய்ந்துகொண்டே போகும். எவ்வளவு தேயும் என்பது குழலின் விட்டத்தை மட்டுமே பொறுத்தது. காயிலை ஒரு விட்டத் தொலைவு பின்னால் இழுத்தால் சுமார் 32 டெசிபல். ஆக, 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நலிவை மைக்ரோமீட்டர் திருகு காட்டும் ஒரு நீளமாக மாற்றிவிட்டார்கள். மின்சாரத்தில் சந்தேகம் வந்தால் நீளத்தை மறுபடி அளந்து பார்க்கலாம். இடையில் நின்று இந்த ஒப்பீட்டைச் சாத்தியமாக்கியது ஐ.எஃப்.

இனி மீண்டும் 8566-க்குள் நுழைந்து ஓர் அலையைப் பின்தொடரலாம். 30 மெகாஹெர்ட்ஸை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தக் கருவிக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. உள்ளலை 9.97 கிகாஹெர்ட்ஸ் என்றால் 10 மட்டுமல்ல, 9.94 கிகாஹெர்ட்ஸும் அதே 30 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்தைத் தரும். இல்லாத அலை திரையில் இருப்பதாகத் தெரியும். இந்தப் போலிக்கு ‘இமேஜ்’ என்று பெயர். இரண்டுக்கும் இடைவெளி 60 மெகாஹெர்ட்ஸ்தான். 10 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவு நெருங்கியவற்றைப் பிரிப்பது கடினம். எனவே 2.5 கிகாஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அலைகளை அந்தக் கருவி முதலில் கீழே இறக்குவதில்லை, மேலே ஏற்றுகிறது. முதல் ஐ.எஃப். 3.6214 கிகாஹெர்ட்ஸ். போலி இப்போது 7 கிகாஹெர்ட்ஸுக்கு அப்பால் போய்விட்டது. வாசலில் ஓர் எளிய ஃபில்டர் போட்டால் உள்ளே வராது. 2.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்கு வேறு உபாயம். யிட்ரியம் இரும்பு கார்னெட் என்னும் கனிமத்தின் மிளகைவிடச் சிறிய உருண்டை ஒன்று காந்தப் புலத்தில் நிற்கும். புலத்தை மாற்றினால் அது ஒத்ததிரும் இடமும் மாறும், ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில். கருவி எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும் கதவைத் திறக்கிறது அந்த உருண்டை.

மேலே ஏறிய அலை பிறகு படிப்படியாக இறங்குகிறது. 3.6214 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.3 போனால் 321.4 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து 300 போனால் 21.4. குறுகிய ஃபில்டர்களுக்குக் கடைசியில் 3. பார்க்க விசித்திரமாகத் தெரியும் இந்த எண்களுக்குப் பின்னால் ஒழுங்கு இருக்கிறது: முதல் இரண்டு படிகளில் கழிக்கும் அலைகள் வட்டமான எண்கள், கருவியின் ஒரே கிரிஸ்டல் கடிகாரத்திலிருந்து பிறக்கக்கூடியவை. 21.4 மெகாஹெர்ட்ஸும் தகவல் தொடர்புக் கருவிகளில் பரவலாக இருந்த ஐ.எஃப்.; பண்பலை வானொலியின் 10.7-க்கு நேர் இரட்டிப்பு. ஒரேயடியாக 3-க்கு இறக்கியிருந்தால் போலி மிக நெருங்கி முளைத்திருக்கும். இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு ஃபில்டர் நின்று, அடுத்த படியின் போலியை வெட்டிவிடுகிறது.

இந்தப் படிகளில் ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர் மூன்று வேலை செய்கிறது. முதலாவது, தேவைக்கேற்பப் படியளந்து பெருக்குவது. திரையின் மேல்கோடு எத்தனை டிபிஎம் என்று பயனாளர் அமைக்கும்போது உள்ளே மாறுவது ஐ.எஃப். பெருக்கம். இதை எந்த ஆய்வகத்திலும் கண்ணால் பார்க்கலாம். வாசலில் அலையை நலிவிக்கும் அட்டெனுவேட்டரை 10 டெசிபல் கூட்டினால் அலை 10 டெசிபல் குறைய வேண்டும். ஆனால் திரையில் கோடு அசையாது. மாறாக, அடியில் ஓடும் இரைச்சல் தளம் 10 டெசிபல் எழும்பும். வாசலில் இழந்ததை ஐ.எஃப். அதே நொடியில் ஈடுசெய்துவிட்டது, கூடவே தன் இரைச்சலையும் உயர்த்திவிட்டது. இதிலேயே ஒரு பயனுள்ள சோதனையும் இருக்கிறது. அட்டெனுவேட்டரை மாற்றியும் அசையாத கோடு உண்மையான அலை. உயரம் மாறினால், அது மிக்சர் திணறியதால் கருவிக்குள்ளேயே பிறந்தது.

இரண்டாவது வேலை, பிரித்துக் காட்டுவது. கருவியின் ஃபில்டர் அகலம் 10 ஹெர்ட்ஸிலிருந்து 3 மெகாஹெர்ட்ஸ் வரை 1, 3, 10 என்ற அடுக்கில் மாறும். அகலமானவற்றைச் சுருளும் கண்டென்சரும் தருகின்றன, குறுகியவற்றைக் கிரிஸ்டல் தருகிறது. அகலத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் இரைச்சலும் பத்தில் ஒன்றாகும். தளம் 10 டெசிபல் இறங்கி, அதில் புதைந்திருந்த அலை தலை நீட்டும். ஆனால் குறுகிய ஃபில்டருக்கு நிதானம் வேண்டும். 10 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஓர் அலையை உணர்ந்து முழு உயரத்துக்கு எழவே பத்தில் ஒரு வினாடி போல ஆகும். அவசரப்பட்டு நகர்த்தினால் கோடு குட்டையாகி, ஒரு பக்கம் சாயும். ஒரு மெகாஹெர்ட்ஸ் பரப்பை 1 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரால் பார்க்க இரண்டரை வினாடி போதும். 100 ஹெர்ட்ஸ் என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல். 10 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அகலம் பத்திலொன்று ஆகும்போது நேரம் நூறு மடங்காகிறது. இதனால்தான் வடிவமைப்பாளர்கள் கத்தி போல் வெட்டும் ஃபில்டரை விரும்பவில்லை. அது வேகமாகக் கடக்கும் அலைக்கு மணி போல ஒலித்துக்கொண்டே இருக்கும். மென்மையான மணிவளைவு வடிவத்தையே தேர்ந்தார்கள்.

மூன்றாவது வேலை மடக்கை. திரையில் மேலிருந்து கீழ்வரை 100 டெசிபல் என்றால் சக்தியில் ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். நேர்விகிதத்தில் வரைந்தால் பெரியது மட்டும்தான் தெரியும். ஆகவே லாக் ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள். அடுத்தடுத்த கட்டங்கள் ஒவ்வொன்றும் 10 டெசிபல் பெருக்கும். அலை வலுக்க வலுக்கக் கடைசிக் கட்டம் முதலில் நிறைவெல்லையைத் தொட்டு, மேற்கொண்டு பெருக்காமல் நின்றுவிடும். பிறகு அதற்கு முந்தையது. இப்படி ஒவ்வொன்றாக விலகுவதால் வெளியே வரும் மின்னழுத்தம் டெசிபலுக்கு நேர்விகிதமாகிறது. கட்டத்துக்குக் கட்டம் சிறு பிசகு இருந்தாலும் திரையில் கோட்டின் உயரம் பொய் சொல்லும்.

பொய் சொல்லாமல் காப்பதுதான் பெரிய பாடு. கிரிஸ்டலும் சுருளும் வெப்பத்தால் நகரும். 3 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் உயரம் அரை டெசிபல் மாறலாம். அரை டெசிபல் கேட்கச் சிறியது. சக்தியில் அது 12 சதவீதம். 8566-இன் முகப்பில் 100 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 10 டிபிஎம் அலை தரும் ஒரு சின்ன இணைப்பான் இருந்தது. குட்டைக் கேபிளால் அதை வாசலோடு இணைத்து, ரீகால் 8 அழுத்தி உயரத்தையும், ரீகால் 9 அழுத்தி அதிர்வெண்ணையும் சிறு திருகால் சரிசெய்ய வேண்டும். பிறகு ஷிஃப்ட் விசையோடு டபிள்யூ. கருவி தன் ஃபில்டர்களையும் பெருக்கப் படிகளையும் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தன்னையே அளந்து, பிசகுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். தன் ஐ.எஃப்.-இன் குறையைத் தானே கணக்கில் கழிக்கும் இந்த ஏற்பாடு, அன்று நுண்ணலை அளவைக்குக் கிடைத்த பெரிய கொடை.

ஒரு பாகத்தைக் கடக்கும் அலை எப்படி மாறுகிறது என்று அளக்க, உயரம் மட்டுமல்ல, கட்டமும் (ஃபேஸ்) தேவைப்படும் நெட்வொர்க் அனலைசரில் ஐ.எஃப்.-இன் பலன் இன்னும் வியப்பூட்டுவது. 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 100 பிக்கோ வினாடி. அதில் ஒரு டிகிரி என்பது 0.28 பிக்கோ வினாடி. அவ்வளவு சின்ன நேரத்தை 1960-களில் நேராக அளக்க வழியில்லை. 1967-ல் வந்த ஹியூலெட்-பேக்கர்ட் 8410ஏ, ஒப்பீட்டு அலையையும் சோதனை அலையையும் ஒரே உள்ளலையோடு கலந்து முதலில் 20.278 மெகாஹெர்ட்ஸுக்கும் பிறகு 278 கிலோஹெர்ட்ஸுக்கும் இறக்கியது. கட்டம் மாறாது என்பதால் அங்கேயும் ஒரு டிகிரி ஒரு டிகிரிதான். ஆனால் அதற்கு இப்போது 10 நானோ வினாடி கிடைக்கிறது. நேரம் 36,000 மடங்கு விரிந்துவிட்டது. 1984-ல் வந்த 8510-உம் 20 மெகாஹெர்ட்ஸ், 100 கிலோஹெர்ட்ஸ் என்று இதே பாதையில்தான் நடந்தது. இரண்டு ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர்களும் ஒரே மாதிரி வெப்பமாகி, ஒரே மாதிரி நகர்ந்தால் பிழை கழிந்துபோகும். அதனால் அவற்றை இரட்டையராகவே வளர்ப்பார்கள்.

ஐ.எஃப். அகலம் சட்டத்திலும் இடம் பிடித்திருக்கிறது. ஒரு மிக்ஸியோ, எல்.இ.டி. விளக்கோ வானொலியைக் கெடுக்கும் அளவு இரைச்சல் வெளியிடுகிறதா என்று சோதிப்பதற்கான சர்வதேச விதிகளை வகுப்பது 1934-ல் தொடங்கிய சிஸ்பர் குழு. இரைச்சல் பரந்தது என்பதால் எவ்வளவு அகலத்தில் பார்க்கிறோமோ அவ்வளவு அதிகமாகத் தெரியும். எனவே எந்த எல்லைக்குள் எவ்வளவு அகலம் என்பதையே விதி சொல்கிறது: 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 9 கிலோஹெர்ட்ஸ், 1 கிகாஹெர்ட்ஸ் வரை 120 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல் 1 மெகாஹெர்ட்ஸ். சென்னைத் தரமணியில் இருக்கும் சமீர் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களில் ஒரு பொருள் தேறுகிறதா என்பது இந்த அகலங்களில் முடிவாகிறது.

2000-ல், ஹியூலெட்-பேக்கர்டிலிருந்து பிரிந்த ஏஜிலென்ட் வெளியிட்ட பி.எஸ்.ஏ. வரிசை அனலைசர்களில் கிரிஸ்டல் ஃபில்டர்களும் லாக் ஆம்ப்ளிஃபயரும் காணாமல் போயின. கடைசி ஐ.எஃப்.-ஐ எண்களாக மாற்றி, ஃபில்டரையும் மடக்கையையும் கணக்காகவே போட்டார்கள். எண்ணுக்கு வெப்பமும் இல்லை, வயதும் இல்லை. 1, 3, 10 என்று தாண்டிய அகலம் பத்துப் பத்து சதவீதமாக 160 படிகளில் கிடைத்தது. ஏழு மணி நேரம் பிடித்த அந்த 10 ஹெர்ட்ஸ் சோதனைக்கு இப்போது சில வினாடிகள் போதும். ஆயிரக்கணக்கான ஃபில்டர்கள் ஒரே நேரத்தில் கணக்கில் ஓடுகின்றன. ஆனாலும் அலையை எண்ணாக மாற்றும் சில்லுக்கு முன்னால் அனலாக் ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர் நின்றே தீர வேண்டும். சில்லு சிறிய அலையைத் தன் இரைச்சலில் தொலைத்துவிடும், பெரிய அலையில் முட்டிக்கொள்ளும். அலையை அதற்கேற்ற உயரத்துக்குக் கொண்டுவருவதும், அதற்கு ஒவ்வாத அதிர்வெண்களை முன்கூட்டியே தடுப்பதும் இன்றும் ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர் வேலைகள்தான்.

இப்போது இழுபறி வேறு திசையில் நடக்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 5ஜி சிக்னல் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை பரவும். வைஃபை 7 சிக்னல் 320 மெகாஹெர்ட்ஸ் வரை. இவற்றைத் துண்டு துண்டாகப் பார்த்துப் பயனில்லை, ஒரே பார்வையில் முழுதாகப் பிடிக்க வேண்டும். 321.4 மெகாஹெர்ட்ஸில் நிற்கும் ஐ.எஃப்.-ஆல் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைச் சுமக்க முடியாது, எனவே ஐ.எஃப். மறுபடியும் கிகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. ஏறியதும் பழைய தொல்லைகள் திரும்பி வருகின்றன. அவ்வளவு அகலத்தில் பெருக்கம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சமமாக இருக்காது. கட்டமும் நேராக ஓடாது. தொழிற்சாலையிலேயே அளந்து வைத்த திருத்த அட்டவணையால் அதைக் கணக்கில் நிமிர்த்துகிறார்கள். இரைச்சலுக்கோ திருத்தம் கிடையாது. 10 ஹெர்ட்ஸ் அகலத்தில் மைனஸ் 164 டிபிஎம்-ஆக இருக்கும் வெப்ப இரைச்சல், 1 கிகாஹெர்ட்ஸ் அகலத்தில் மைனஸ் 84-க்கு ஏறிவிடும். ஆகையால் இன்றைய உயர்தர அனலைசருக்குள் குறுகிய ஐ.எஃப். பாதை ஒன்றும் அகலமானவை வேறு சிலவும் தனித்தனியாக இருக்கின்றன. எது தேவையோ அதற்குள் சிக்னலைச் சுவிட்ச் திருப்பிவிடுகிறது. விலைப்பட்டியலில் ஒவ்வொரு பாதைக்கும் தனி விலை. அகலம் கூடக் கூட அந்தத் தொகையும் கூடுகிறது.